இருபது இலக்கத் திருடி

அத்தியாயம் 5

வியாழக்கிழமை காலை பதினொன்று ஏழுக்கு வாருங்கள் என்று ஒரு மனிதன் சொன்னால் அவனை என்னவென்று நினைப்பது? பதினொன்று என்று சொல்லலாம். பதினொன்றே கால் என்று சொல்லலாம். பதினொன்று ஏழு என்றால் ஒன்று அவன் ரயில்வேயில் வேலை பார்க்க வேண்டும், இல்லை அவனுக்கு எங்கோ ஒரு திருகு கழன்றிருக்க வேண்டும். இதை மாரிச்செல்வம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"மாரி, வாயைக் கொஞ்சம் சாத்து. ஈ பூந்துரும்" என்றார் வண்டியை ஓட்டிய சைதுன்னிசா.

சைதுன்னிசாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் ஒரு பையிங் ஆபீஸில் குவாலிட்டி பார்த்தவர். ஒரு பனியனை ஒரு தரம் உதறினால் போதும், எந்தத் தையல் எங்கே பிசகியது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு பனியனை மட்டும் பார்ப்பானேன் என்று, காதர்பேட்டையில் அண்ணன் பசீர் அகமதுவின் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில் ‘நிசா துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினார். துப்பறிதல் என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிக்கிறானா, சொன்ன படிப்பைப் படித்தானா, தலையில் இருப்பது சொந்த முடியா, இந்த மாதிரி.

மாரிச்செல்வம் அவருடைய ஒரே உதவியாளன். சாத்தூர்க்காரன், முப்பத்தி நாலு வயது. ஓவர்லாக் டெய்லராக இந்தப் பனியன் ஊருக்கு வந்தவனை, வாய் நிற்காத காரணத்தால் நாலு கம்பெனியில் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். கடைசியில் வாய்க்கென்றே சம்பளம் தரும் இடத்தில் வந்து ஒதுங்கினான்.

இன்று மாப்பிள்ளை கேஸ் இல்லை. ‘நவநவ நிட்ஸ்’ முதலாளி பரணி ஏதோ திருட்டு என்று கூப்பிட்டிருந்தார். கேட்டில் ரங்காத்தாள் என்ற செக்யூரிட்டி அம்மாள் நோட்டும் கையுமாக மறித்தாள்.

"சொந்தக்காரங்களா, வெளியாளுங்களா?"

"சொந்தக்காரங்கன்னா?" என்றான் மாரி.

"நோட்டுல எழுத வேண்டாமுங்க. பையும் பாக்க மாட்டோமுங்க. நேராப் போலாமுங்க."

"நாங்க வெளியாளுதாங்க" என்றார் சைதுன்னிசா.

"அப்பப் பேரு, ஊரு, எதுக்கு வந்தீங்க, எல்லாம் எழுதுங்க. பையைத் தொறங்க. இன்னும் ரெண்டு நிமிசம் நில்லுங்க, மணி பதினொன்னு அஞ்சுதான் ஆகுது."

மாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் முதலாளியின் கார் நின்றது. நம்பர் 6363. இரண்டு நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பரணி அறையில் ஒன்பது நாற்காலி போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, விரலில் நவரத்தின மோதிரம். உட்கார்ந்ததும் உட்காராததுமாக விஷயத்துக்கு வந்தார்.

"திருடியைப் புடிச்சாச்சுங்க அம்மணி. அவ யாருக்கு வித்தாள்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுத்தீங்கன்னாப் போதுங்க."

"பாதி வேலை முடிஞ்சு போச்சா? அப்ப நாங்க பாதி நாள் லீவுங்களா?" என்றான் மாரி.

சைதுன்னிசா முறைத்தார். பரணி கதையைச் சொன்னார். சரக்கு எடுக்கும் ஸ்பெயின் பையருக்காக ஒரு புது டீ-சர்ட் டிசைன். தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக இறங்கும் கட்டிங், இந்த ஊரில் யாரும் பார்த்திராதது. அதன் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் வரைபடம், இந்த அறை மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டுத் திறப்பவர் பரணி. திறந்தபின் உட்கார்ந்து வரைகிறவள் பேட்டர்ன் போடும் பெண் ரோஸ்மேரி. போன புதன்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு யாரோ அந்த ஃபைலைப் பிரதி எடுத்திருப்பதாகக் கம்ப்யூட்டரே சொல்கிறது. இந்தத் திங்கட்கிழமை அதே டீ-சர்ட் காதர்பேட்டையில் தொங்குகிறது. பையர் போட்டோ எடுத்து அனுப்பி, இது என்ன என்று கேட்கிறான்.

"நேத்து சாயங்காலம் அந்தப் புள்ளை பையை எல்லாரு முன்னாடியும் கொட்டிப் பாத்தேனுங்க. டிபன் பாக்ஸ், கொடை, அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டுல என்ன இருந்துச்சு தெரியுங்களா? என்ற பாஸ்வேர்டு!"

"அந்தச் சீட்டைக் குடுங்க, பாக்கறேன்."

"அதெப்படீங்க குடுக்கறது? அது பாஸ்வேர்டுங்களே!"

மேஜை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்துத் தூர வைத்தே காட்டினார். அரக்கு வைத்து முத்திரை போட்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் கவரில் போட்டு ஒட்டிவிட்டாராம். சாட்சியம் இருக்கிறது, ஆனால் யாரும் பார்க்கக்கூடாது. மாரி இதுமாதிரி ஒரு கேஸைத் தன் ஆயுளில் கண்டதில்லை.

"ரூம்ல கேமரா?" என்றார் சைதுன்னிசா.

"இது தென்மேற்கு மூலைங்க. இங்க கண்ணு மாதிரி ஒரு பொருளும் இருக்கப்படாதுன்னு ஜோசியர் சொல்லிப்போட்டாருங்க."

"புதன்கிழமை இந்த ரூமுக்கு யாரு வந்தாங்க?"

"ஒருத்தரும் வரலீங்க. கேட்டு நோட்டைப் பாருங்க, அந்தப் பக்கமே காலி." பரணி கடிகாரத்தைப் பார்த்தார். "வக்கீல் ஒரு மணிக்குக் கம்ப்ளெயிண்ட் எழுதித் தர்றாரு. ஒன்றரைல இருந்து மூணு ராகு காலம். மூணு ஆறுக்கு ஸ்டேஷன்ல குடுத்துருவேனுங்க. அதுக்குள்ள அவ வாயில இருந்து புடுங்குங்க."

*

ரோஸ்மேரியைப் பட்டனும் லேபிளும் வைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயதிருக்கும். அழுது கண் வீங்கியிருந்தது, ஆனால் முதுகு வளையாமல் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த ஊரு தங்கச்சி?" என்றான் மாரி.

"நாசரேத் பக்கம்ண்ணே."

"அந்தச் சீட்டு உன்னோடதா கண்ணு?" என்றார் சைதுன்னிசா.

"என்னோடதுதான்க்கா. என் கையெழுத்துதான்."

"போச்சுடா" என்றான் மாரி. "கேஸ் முடிஞ்சுது. யக்கா, சாப்பாட்டுக்குப் போலாமா?"

"ஆனா அது பாஸ்வேர்டு இல்லக்கா. அது ஒரு பகா எண்ணு."

மாரி வாயைத் திறந்தான். சொல்ல எதுவும் அகப்படாமல் மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

ரோஸ்மேரி எம்.எஸ்ஸி. கணிதம். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் கம்பெனிக்கு வந்து ஆறு வருடமாகிறது. வேலை முடிந்து அறைக்குப் போய்ப் படித்து, மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு.

"இன்னிக்கு என் பேர்ல திருட்டுக் கேஸு விழுந்தா, திங்கக்கிழமை என்னை உள்ளயே விடமாட்டாங்கக்கா. அப்புறம் கோர்ட்டு, வக்கீலுன்னு அலைஞ்சு நான் திருடலன்னு நிரூபிக்கறதுக்குள்ள அந்த வேலை வேற யாருக்கோ போயிரும்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குக்கா."

சைதுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நம்பர் ஞாபகம் இருக்கா?"

"மறக்கவே முடியாது. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் வரிசையா எழுதணும். அப்புறம் ஒம்பதுலேருந்து ஒண்ணு வரைக்கும் இறங்கணும்." ஒரு சைஸ் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

12345678910987654321

"இருபது இலக்கம். ஆனா ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துட்டாங்க. கிளாஸ்ல முதல் நாள் போர்டுல இதைத்தான் எழுதணும்னு வச்சிருந்தேன். பிள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கும்."

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லு தங்கச்சி. நான் கணக்குல வீக்கு."

"அண்ணே, இத்தனை பீஸ் பனியன் இருக்குன்னு வைங்க. டஜன் டஜனாப் பொட்டியில அடுக்குங்க, கடைசில ஒரு பீஸ் மிச்சம் விழும். ரெண்டு டஜனா அடுக்குங்க, அப்பவும் ஒண்ணு மிச்சம். நாலு டஜனா அடுக்கினாலும் அந்த ஒண்ணு நிக்கும். ஏழு, பதிமூணு, நூத்தி ஒண்ணு, எப்படி அடுக்கினாலும் எதாச்சும் மிச்சம் விழுந்துக்கிட்டே இருக்கும். மிச்சமே விழக்கூடாதுன்னா பீஸுக்கு ஒரு பொட்டி போடணும். இல்லன்னா எல்லாத்தையும் ஒரே பொட்டியில போடணும்."

"பேக்கிங் மாஸ்டர் சொல்லாம கொள்ளாம ஊருக்கு ஓடிப் போயிருவாரு."

ரோஸ்மேரிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "பத்து வரைக்கும் போனாத்தான்ண்ணே இந்த அதிசயம். ஒம்பதோட நிறுத்தித் திரும்பினா அது பகா எண்ணு இல்ல. ஒம்பது தடவை ஒண்ணு ஒண்ணா எழுதி, அதை அதாலயே பெருக்கினா வர்றது, அவ்வளவுதான்."

சைதுன்னிசா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் பிசகைக் கண்டுபிடிக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும் என்பது மாரிக்குத் தெரியும்.

"கண்ணு, ஒரு நம்பரோட இலக்கத்தை எல்லாம் கூட்டி ஒன்பது வந்தா என்ன அர்த்தம்?"

"அந்த நம்பர் ஒம்பதால வகுபடும்னு அர்த்தம்க்கா."

"அப்படின்னா அது பகா எண்ணா இருக்குமா?"

"இருக்கவே முடியாது."

"மாரி, நம்மளை எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?"

"பதினொன்னு ஏழு." மாரி விரலை மடக்கினான். ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஏழு ஒன்பது. காரின் 6363-ஐக் கூட்டினான். பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. அறையில் ஒன்பது நாற்காலி. கம்ப்ளெயிண்ட் கொடுக்கும் நேரம் மூன்று ஆறு. "அடப் பாவி மனுசா!" என்று கத்தியே விட்டான்.

*

"உங்க பாஸ்வேர்டை நீங்க சொல்ல வேண்டாமுங்க" என்றார் சைதுன்னிசா. "அதைக் கூட்டினா ஒன்பது வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

பரணிக்குக் கோபமே வந்துவிட்டது. "வராமயா? எண்பத்தொன்னுங்க. எட்டும் ஒன்னும் ஒம்பது. ராஜயோகமுங்க. என்றகிட்ட ஒம்பது வராத பொருளே கெடையாதுங்க."

"அப்பக் கவரைப் பிரிச்சு அந்தச் சீட்டைக் கூட்டுங்க."

பரணி முனகிக்கொண்டே அரக்கை உடைத்தார். உதடு அசையக் கூட்டினார். நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டினார். மூன்றாம் தரம் கால்குலேட்டரை எடுத்தார். மூன்று தரமும் தொண்ணூற்றொன்றுதான். ஒன்பதும் ஒன்றும் பத்து. பத்தைக் கூட்டினால் ஒன்று.

"இது என்னங்க, பத்துக்குப் போகுது? என்னுது ஒம்போது வரைக்கும் ஏறி அப்படியே எறங்கிருமுங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார்" என்றான் மாரி. "எனக்கு என் செல்போன் நம்பரே ஞாபகம் இருக்காது."

"முதல் ஒன்பது எழுத்தைப் பாத்தீங்க, பதறிட்டீங்க, கவர்ல போட்டு ஒட்டிட்டீங்க. மிச்சத்தைப் படிக்கவே இல்ல" என்றார் சைதுன்னிசா. "அந்தப் புள்ளை எழுதி வச்சது பகா எண். உங்க நம்பர் எந்தக் காலத்துலயும் பகா எண்ணா இருக்க முடியாது. சீட்டு சாட்சி இல்லைங்க. அவளை விடுங்க."

எந்த மனிதனும் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். பரணி குனியவில்லை. மூன்று பெரிய தையல் லைனை நடத்துகிறவர், அவ்வளவு சுலபமாகக் குனிவாரா?

"சீட்டு இல்லாட்டிப் போகுதுங்க. திருட்டு நெசந்தானுங்களே? நான் நம்பரை அடிக்கறப்பப் பக்கத்துல நின்னு பாத்திருப்பா. அந்த நம்பர் உலகத்துல ரெண்டே பேருக்குத்தானுங்க தெரியும். எனக்கு, அப்புறம் அதைக் கணிச்சுக் குடுத்த அவிநாசிபாளையம் ராக்கையா சாமிக்கு. சாமி தப்புப் பண்ணாதுங்க. அப்ப மிச்சம் யாரு?"

"நாங்க போய் அவரைப் பாத்துட்டு வர்றோம்."

"பாருங்க, வேண்டாங்கல. மூணு ஆறு தாண்டாதுங்க."

மணி பன்னிரண்டு ஐந்து. மாரிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் அந்தப் பெண் ‘எனக்குப் பயமா இருக்குக்கா’ என்றது காதிலேயே நின்றதால் சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. கிளம்புமுன் சைதுன்னிசா அண்ணன் பசீர் அகமதுவுக்குப் போன் போட்டு, அந்த டீ-சர்ட் காதர்பேட்டைக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கச் சொன்னார்.

*

அவிநாசிபாளையத்தில் தாராபுரம் ரோட்டில், பஞ்சர் கடைக்கு அடுத்த கட்டிடத்தில் ‘எண்ணியல் பேரரசர் ராக்கையா’ என்று போர்டு. சுவர் முழுக்கப் போட்டோ. ஒவ்வொன்றிலும் ஒரு முதலாளி, கையில் ஒரு செப்புத் தகடு, பக்கத்தில் ராக்கையா. சைதுன்னிசா ஒரு ஓரமாக உட்கார, மாரி பவ்யமாக முன்னால் போய் உட்கார்ந்தான்.

"டீக்கடை வைக்கப் போறேன் சாமி. ஒரு நல்ல நம்பர் வேணும். கம்ப்யூட்டருக்கு, செல்லுக்கு, எல்லாத்துக்கும் பூட்டு மாதிரி இருக்கணும்."

"டீக்கடைக்கு எதுக்கப்பா கம்ப்யூட்டரு?"

"பெரிய டீக்கடை சாமி."

ராக்கையா பிறந்த தேதியைக் கேட்டார். கண்ணை மூடினார். காற்றில் விரலால் என்னவோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். முழுசாக அஞ்சு நிமிடம். பிறகு கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு பிரகாசம்.

"வந்துருச்சு. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்காத எண்ணு தம்பி. பெண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாத. ஐந்நூத்தி நாலு ரூபாய்."

டிராயரைத் திறந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்து நீட்டினார். மாரி வாங்கிப் பார்த்தான்.

12345678987654321

மாரிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. அதற்குள் சைதுன்னிசா எழுந்து வந்து, மூடப் போன டிராயரைக் கையால் நிறுத்தினார். உள்ளே அதே தகடு, அதே நம்பர், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக.

"சிவகாசியில அடிச்சதுங்களா?"

ராக்கையா ஆடிப்போனார். ஆனால் அவரும் தொழில்காரர். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு நிதானத்துக்கு வந்துவிட்டார்.

"அம்மா, வாரவுக எல்லாரும் ஒம்போதுதான் வேணும்னு கேக்காக. ஆளுக்கு ஒண்ணா யோசிக்க எனக்கு எங்க நேரம்? இது பாக்க அழகா இருக்கு. முன்னால இருந்து படிச்சாலும் ஒண்ணுதான், பின்னால இருந்து படிச்சாலும் ஒண்ணுதான். யாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கப் போறதில்ல. ரகசியம்னு சொல்லித்தானே குடுக்கேன்?"

"எத்தனை பேருக்குக் குடுத்தீரு?" என்றான் மாரி.

"முந்நூத்தி அறுபது."

"யக்கா, அதுவும் ஒன்பதுக்கா!" மாரி தலையில் கை வைத்தான். "அப்ப இந்த ஊருல முந்நூத்தி அறுபது முதலாளிக்கு ஒரே சாவி. அது ஒருத்தனுக்கும் தெரியாது. ரங்காத்தா அம்மா கேட்டுல நின்னு எங்க பையைத் தடவுறாங்க!"

சைதுன்னிசாவின் போன் அடித்தது. பசீர் அகமது. இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வைத்தார். "காதர்பேட்டைக்குச் சரக்கு வந்தது குண்டடத்துல இருந்தாம். புதுசா ஒரு யூனிட், நம்ம ஊரு ஆளுங்க யாருக்கும் பழக்கமில்ல." அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டார். ரிப்பன், குத்துவிளக்கு, தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு தடித்த மனிதர். பின்னால் பேனரில் ‘குண்டடம் கிளை திறப்பு விழா’.

"இவரு யாருங்க?"

"நாச்சிமுத்து. போன மாசந்தான் தகடு வாங்கினாரு. பரணி ஐயா சொல்லித்தான் எங்கிட்ட வந்தாரு." ராக்கையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவரு மகனுக்குத்தானே பரணி ஐயா பொண்ணைக் குடுக்காரு? சம்பந்தி முறை!"

*

திரும்பி வரும்போது மணி இரண்டு நாற்பத்தைந்து. கேட்டில் சைதுன்னிசா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, போன புதன்கிழமை சொந்தக்காரங்க யாராச்சும் வந்தாங்களா?"

"சம்பந்தி வந்தாருங்க" என்றாள் ரங்காத்தாள். "நிச்சயதார்த்தப் பத்திரிகை காட்ட. நோட்டுல எழுதலீங்க. பையும் பாக்கலீங்க."

அறையில் பரணி கிளம்பத் தயாராக நின்றார். மேஜையில் வக்கீல் எழுதிய புகார். ரோஸ்மேரியையும் கூட்டி வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். சைதுன்னிசா ராக்கையாவின் தகட்டைப் புகாரின் மேல் வைத்தார்.

பரணி பார்த்தார். முகம் வெளுத்தது. "இது... என்ற நம்பருங்க. உங்களுக்கு எப்படீங்க?"

"இப்பத்தான் இவனோட டீக்கடைக்குன்னு கணிச்சுக் குடுத்தாரு. இவன் முந்நூத்தி அறுபத்தொன்னாவது ஆளு."

பரணி ஒன்பது நாற்காலியில் எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"புதன்கிழமை பதினொன்னு நாப்பதுக்கு இந்த ரூம்ல யாரு இருந்தாங்க?"

"நாந்தான் சொன்னேனுங்களே, ஒருத்தரும்..."

"நாச்சிமுத்து?"

"அவரு வெளியாளுங்களா அம்மணி? அவரு சம்பந்திங்க. அவரைப் போயி யாராச்சும்..." வாக்கியம் பாதியில் நின்றது. "அவரை உக்கார வெச்சுட்டு நானே எளநி வெட்டியார வெளிய போனேனுங்க. மத்தவங்களை அனுப்பினா மரியாதையா இருக்காதுன்னு."

"நீங்க எளநி வெட்டற நேரத்துல அவரு தன்னோட நம்பரை உங்க கம்ப்யூட்டர்ல சும்மா போட்டுப் பாத்திருக்காரு" என்றான் மாரி. "எளநி வர்றதுக்குள்ள தொறந்துக்கிச்சு."

பரணி நம்பவில்லை. அங்கேயே போனை எடுத்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் எதிர்முனையில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒரு சிரிப்பு.

"சம்பந்தி, உங்களுக்கும் எனக்கும் ஒரே நம்பருன்னா பாத்துக்குங்களேன்! தெய்வமே சேத்து வெச்ச சம்பந்தமுங்க இது. டிசைன் எங்க போயிருச்சு, நம்ம குடும்பத்துக்குள்ளதானுங்களே இருக்குது? நாளைக்கு நம்ம புள்ளைகளுக்குத்தானுங்க."

பரணி போனை வைத்தார். புகாரை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி உடுங்க. பையர்கிட்ட நான் பேசிக்கறேன். இது குடும்ப விசயமாப் போயிருச்சு. போலீசு கீலீசெல்லாம் நமக்கெதுக்குங்க?"

மாரிக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால்வரை ஸ்டேஷன் படி ஏற நின்ற மனிதர்! அவன் வாயைத் திறக்குமுன் ரோஸ்மேரி பேசினாள்.

"எழுதிக் கொடுங்க சார்."

"என்னன்னு கண்ணு?"

"ரோஸ்மேரி எதையும் திருடல, அவ மேல சந்தேகப்பட்டது தப்புன்னு."

"அதான் வாயால சொல்லிட்டேனே. பத்தாதா?"

"நீங்க இன்னும் சொல்லவே இல்ல சார்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "திருடின்னு மட்டும்தான் சொன்னீங்க. அது இந்நேரம் எங்க ஊரு வரைக்கும் போயிருக்கும். எங்க அம்மா காலையில போன்ல அழுதாங்க. எனக்கு எழுத்துல வேணும்."

"எழுதிருங்க" என்றார் சைதுன்னிசா. "இல்லேன்னா அந்தக் கம்ப்ளெயிண்டை நானே கொண்டு போய்க் குடுக்கறேன். பேரை மட்டும் மாத்திட்டு."

பரணி லெட்டர்பேடை இழுத்து, பேனாவைத் திறந்து, மெதுவாக எழுத ஆரம்பித்தார். ‘எங்கள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரியும் செல்வி’ வரை வந்து பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணு, உன்ற இனிஷியல் என்ன?"

அந்தப் பெண் ஆறு வருடமாகத் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள்.

"இனிஷியல் எஸ் சார். செபஸ்தியம்மாள். எங்க அம்மா பேரு."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போடும்போது உதடு அசைந்து கூட்டப் பார்த்தது, சைதுன்னிசாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே அடங்கிவிட்டது. ரோஸ்மேரி காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்து, பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் மடங்காமல் வைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.

"போறேன் சார்."

பரணி பதறி எழுந்துவிட்டார். வாசல்படி தாண்டும்போது யாராவது அந்த வார்த்தையைச் சொல்வார்களா? "அப்படிச் சொல்லாத கண்ணு, நல்லதில்ல. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

ரோஸ்மேரி கதவருகே நின்று அவரை நேராகப் பார்த்தாள்.

"போறேன் சார்" என்றாள் மறுபடியும், நிறுத்தி நிதானமாக. மாரி அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.